நெல்டாவின் வீட்டு முன்னிருந்த புல்

சான் தெல்மோ நகரமன்ற அலுவலகத்தில் நெல்டா ட்ரெவின்யோ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை பதினான்கு பக்கங்கள். பதினான்கையும் எழுதியவன் நான், எம்மெட் ஹ்ருஸ்கா. அவர் எந்த மாதத்தில் எங்கே மணலைத் தோண்டினார், எத்தனை நாற்று நட்டார், எந்த விதியின் எந்த உட்பிரிவை மீறினார் என்பதெல்லாம் அதில் உண்டு. அவர் யார் என்பது மட்டும் இல்லை. பொது ஆவணத்திலிருந்து ஒரு தாளை உருவ எனக்கு உரிமை கிடையாது. சேர்க்க உரிமை உண்டு என்று எழுத்தரிடம் கேட்டு, எழுத்திலும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆகவே இதை எழுதிச் சேர்க்கிறேன்.

நெல்டா 1949ஆம் ஆண்டு இந்தத் தீவின் காயல் பக்கத்தில் பிறந்தார். அவருடைய தந்தை பாலக்காவலர். உயரமான படகு வரும்போது பாலத்தைத் தூக்கி, போன பிறகு இறக்கிவிடுவது அவர் வேலை. எங்கள் தீவு பதினேழு மைல் நீளம். அகலம், மிக அகன்ற இடத்தில் அரை மைல்கூட வராது. இங்கே திசைகள் இரண்டுதான்: கடல் பக்கம், காயல் பக்கம். வடக்கு, தெற்கு என்று ஒருவர் வழி கேட்டால் அவர் வெளியூர் என்று பொருள். நெல்டா மட்டும் மூன்றாவதாக ஒரு திசையைச் சொல்வார். பெருநிலத்தைக் குறிப்பிடும்போது, "பாலத்துக்கு அந்தாண்ட" என்பார், ஏதோ வேறு நாட்டைச் சொல்வதுபோல.

அந்த அந்தாண்டைக்கு இருபத்தேழு ஆண்டுகள் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். தீவுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள் பாலம் தாண்ட வேண்டும். பலத்த காற்றடிக்கும் நாட்களில், பாலத்தின் முகப்பில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"குண்டுப் பசங்க எல்லாம் எந்திரிங்க! காத்தடிக்கிற பக்கம் போய் உக்காருங்க. என்னடா வெக்கம்? இன்னைக்கு நீங்கதான் நங்கூரம். ஒல்லிப் பசங்க இந்தப் பக்கம் வந்து சும்மா இருங்க, உங்களால ஒரு பிரயோசனமும் இல்லை."

அன்று நங்கூரமாக உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவர் இன்று எங்கள் தீயணைப்புப் படைத் தலைவர். நெல்டாவைக் கண்டால் இப்போதும் காற்றடிக்கும் பக்கம் போய் நின்றுகொள்வார்.

அவருடைய கணவர் ருஃபினோ தச்சர். 1978இல் கடல் பக்கத்தில், முன்வரிசையில், பதினாறு தூண்கள்மேல் ஒரு வீட்டைத் தம் கையாலேயே கட்டினார். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் நானும் என் மனைவி வெராவும் 1984இல் அடுத்த மனைக்கு வந்தோம். ருஃபினோ 2003இல் இறந்தார். நெல்டா வீட்டை விற்கவில்லை. அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார் என்று சொல்வதும் பொருந்தாது. தூண்களின் நடுவே நிழலில் யாராவது மீன் அறுத்துக்கொண்டோ, வலையைப் பிரித்துக்கொண்டோ, அவரோடு வாயடித்துக்கொண்டோ எப்போதும் இருந்தார்கள்.

இனி புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடற்கரையில் புல் தொடங்கும் கோடுதான் எல்லை. அதற்குக் கடல் பக்கமாக உள்ள மணல் எல்லோருக்கும் பொது; அங்கே எவர் வீடும் நிற்கக் கூடாது. புயல் வந்து புல்லை அரித்துக்கொண்டு போனால் எல்லையும் பின்னுக்கு நகரும். நேற்றுவரை உங்கள் முற்றத்துக்கு முன்னால் இருந்த கோடு இன்று உங்கள் சமையலறைக்குப் பின்னால் இருக்கலாம். அப்படியானால் வீடு பொதுக் கடற்கரையில் நிற்கிறது, அகற்றப்பட வேண்டும். புயலுக்குப் பிறகு தானாக முளைக்கும் புல் மட்டுமே கணக்கு. வீட்டுக்காரர் கையால் நட்ட புல் கணக்கில் வராது. இது எங்கள் ஊரில் பாலத்தைத் தாண்டாத பிள்ளைக்கும் தெரியும். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் நாங்கள் உடல்நலம் விசாரிப்பதில்லை. "புல் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்போம்.

புல் வேர்பிடிக்க மணல் மேடாக வேண்டும். அதற்காகவே ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை எங்களுக்கு மர நாள். ஊரிலுள்ள பழைய கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் கடற்கரைக்கு இழுத்து வந்து, மேட்டின் அடியில் வரிசையாகப் படுக்கவைத்து, முளையடித்துக் கட்டுவோம். காற்று கொண்டுவரும் மணலை அவை பிடித்துக்கொள்ளும். பத்தொன்பது ஆண்டுகள் அதை நடத்தியவர் நெல்டா. கழுத்தில் விசில், கையில் கட்டுக்கயிறு.

"ஜிகினாவைப் பிச்சிட்டுக் கொண்டாங்கடா! ஆமை என்ன ஜிகினா தின்னவா கரைக்கு வருது? நுனி கடலைப் பாக்கணும், நுனி! ஏம்ப்பா எம்மெட், அளந்தது போதும், இந்தப் பக்கம் ஒரு கை பிடி."

அளப்பது என் பழக்கம். கருவிகளையும் சட்டத்தையும் நான் பள்ளியில் படித்தவன் அல்லன்; நூலகத்திலும், பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவற்றிலுமாகப் படித்தேன். எந்தத் தாளையும் எறிய மாட்டேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

2009 செப்டம்பரில் புயல் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்துப் பாலத்தைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்கள். கடல் பக்கத்தில் ஐந்து தெருக்களில் மூன்று இல்லை. என் வீடும் நெல்டாவின் வீடும் படிக்கட்டை இழந்து தூண்கள்மேல் நின்றன. மின்சாரம் இல்லாததால், பாலத்துக்கு அந்தாண்ட உள்ள உறவினர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் உருகத் தொடங்கியிருந்த மீனையும் மான் இறைச்சியையும் எல்லோரும் தெருவுக்குக் கொண்டுவந்து சுட்டுத் தின்றோம். நெல்டா இறாலுக்கு எலுமிச்சை பிழிந்தபடி ஆளுக்கு ஆள் முறைவைத்துப் பரிமாறினார்.

அக்டோபர் 14ஆம் தேதி புல்லெல்லையை அளக்க வந்தார்கள். என் வீட்டின் முன்னால் வெறும் மணல். எல்லைக் கோடு என் பின்சுவருக்குப் பதினோரு அடி பின்னால் விழுந்தது. புல் சாகவில்லை, இரண்டடி மணலுக்கு அடியில் உயிரோடு இருக்கிறது, வசந்தம்வரை பொறுங்கள் என்று நான் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரும் ஒரு மண்வெட்டிகூட எடுத்துப் பார்க்கவில்லை. நெல்டாவின் மனையில் ஒரு சிறு மணல்மேடு தப்பியிருந்ததால், ஓராண்டு கழித்துப் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டு போனார்கள். அன்று எனக்கு அநியாயம் நடந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இந்த எழுத்து அதைப் பற்றியது அன்று.

நவம்பரில் வெராவுக்கு இதயம் பழுதுபட்டது. சான் அன்டோனியோ மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். பிறகு புண் ஆறாமல் மறுபடி திறந்தார்கள். ஏப்ரல்வரை அங்கேயே இருந்தோம். மாதம் முதல் தேதி மட்டும் நான் நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்து, உயிர்காப்பாளர் மேடையின் உடைந்த அடிக்கல்மேல் நின்று, ஒரே கோணத்தில், இரண்டு வீடுகளின் முன்புறத்தையும் படம் எடுப்பேன். ஜனவரியில் மட்டும் வர முடியவில்லை.

ஏப்ரல் முதல் தேதி வந்தபோது என் வீட்டின் முன்னால் புல் நின்றது. இங்கொன்றும் அங்கொன்றுமாக முப்பத்தொரு குத்து. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் பிடித்தேன். அந்தப் படங்களை நகரமன்றம் வாங்கிவைத்துக்கொண்டு, எல்லை அக்டோபரிலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்று பதில் எழுதியது. ஜூனில் என் வீட்டை இடித்தார்கள். புல் அதற்குப் பிறகும் செழித்து வளர்ந்தது.

நாங்கள் காயல் பக்கத்தில், சக்கரங்கள்மேல் நிற்கும் ஒரு வண்டி வீட்டுக்குப் போனோம். அடுத்த ஐந்து ஆண்டுகள் நான் மனுப் போட்டேன். தானாக முளைத்த முப்பத்தொரு குத்துப் புல் என் வழக்கு. 2014 நவம்பரில் ஒரு பதில் வந்தது: பக்கத்து மனையும் இதே நிலையில் இருந்து, அதை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று மனுதாரர் நிறுவவில்லை.

அந்த ஒரு வாக்கியம் என்னைக் கெடுத்தது. பக்கத்து மனை நெல்டாவுடையது. பழைய படங்களை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். பிப்ரவரிப் படத்தில் நெல்டாவின் வீட்டின் முன்னால் இருந்த புல் ஒன்றரை அடி இடைவெளியில், நூல் பிடித்தாற்போல வரிசையாக நின்றது. நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்ட புல். அதை நம்பித்தான் ஓராண்டுக்குப் பிறகு அவர் வீட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். நான் பதினான்கு பக்கம் எழுதினேன். அவர் வீடு போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை என்று ஒரு வரி தீர்ப்பில் வர வேண்டும் என்றுதான் விரும்பினேன். ஆனால் நட்ட புல் என்று எழுத்தில் வந்த பிறகு எந்த அதிகாரியும் அதைப் பார்க்காததுபோல இருக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த மனுவோடு நவம்பர்ப் படத்தை இணைத்தேன். அதில் இரண்டு வீடுகளின் முன்னும் வெறும் மணல். பிப்ரவரிப் படத்தை இணைத்தேன். டிசம்பர்ப் படத்தை இணைக்கவில்லை. அதில் நெல்டாவின் வீட்டின் முன்னால், மணலைத் துளைத்துக்கொண்டு, தானாக எழும்பிய புல் தெரிந்தது. அதை அவர் பிடுங்கிவிட்டு, இன்னும் அடர்த்தியாக இருக்கட்டும் என்று பண்ணைப் புல்லை நட்டிருப்பார் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படக்கருவியின் கண்ணாடியில் உப்புப் படிந்து படம் மங்கல் என்றும் சொல்லிக்கொண்டேன். மங்கல் இல்லை. எந்தத் தாளையும் எறியாதவன், ஒரு தாளை மட்டும் பெட்டியின் அடியில் வைத்தேன்.

2015 மார்ச்சில் தீயணைப்பு நிலையத்தின் மாடிக்கூடத்தில் விசாரணை நடந்தது. ஊரே வந்திருந்தது. நெல்டா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது.

"திருமதி ட்ரெவின்யோ, படத்துல வரிசையாத் தெரியுற இந்தப் புல்லை நட்டது நீங்கதானா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"நான்தான்."

"ஆள் வெச்சா, சொந்தக் கையாலயா?"

"சொந்தக் கையாலதான். என் முட்டி ரெண்டும் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுது."

கூடம் சிரித்தது. அதிகாரியும் லேசாகச் சிரித்தார்.

"நீங்க நடுறதுக்கு முந்தி அந்த எடத்துல தானா வந்த புல் ஏதாச்சும் இருந்துச்சா?"

நெல்டா திரும்பி என்னைப் பார்த்தார். வெறுப்போடு பார்க்கிறார் என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து, தூண்டிலுக்கு இரை விற்கும் இரைக்கடைக்காரி துயெட் எழுந்துவிட்டார்.

"நெல்டா! வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

நெல்டா முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தினார், பேருந்தில் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் அதே கை. துயெட் உட்கார்ந்தார்.

"மணல் இருந்துச்சு, ஐயா," என்றார் நெல்டா. "அந்த வருஷம் எல்லா எடத்துலயும் மணல்தான் இருந்துச்சு."

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. வீட்டை இடித்து அகற்ற அறுபது நாள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை என்ற வரியும் அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வரி. அதன் அடியில் கோடு போட்டேன்.

மறுநாள் இரைக்கடைக்குப் போனேன். துயெட் கல்லாவுக்குப் பின்னால் நின்றார்.

"உனக்கு இறால் இல்லை."

"தொட்டி நிறைய ஓடுதே?"

"அதெல்லாம் சாட்சிங்க. விக்க மாட்டேன். வேணும்னா மாசம் ஒண்ணாந்தேதி வந்து படம் எடுத்துக்கிட்டுப் போ."

கடையில் நின்ற நான்கு பேரில் மூவர் சிரித்தார்கள். நான்காமவர், காற்றடிக்கும் பக்கம் உட்கார்ந்த தீயணைப்புத் தலைவர், சிரிக்கவில்லை, வெளியே போய்விட்டார்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள், கோப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெரா எதிரில் உட்கார்ந்து உறைகளுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர் எங்க?" என்றாள்.

"மங்கலா இருந்துச்சு. தனியா வெச்சிருக்கேன்."

"காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு அப்போதுதான் கண் அறுவை ஆகியிருந்தது, கண்ணாடி இல்லாமலே தெளிவாகப் பார்த்தாள்.

"இதுவா மங்கல்? நெல்டா வீட்டு முன்னால புல் ஒண்ணொண்ணா எண்ணலாம் போலிருக்கே." சற்றுப் பொறுத்து, "இந்தக் குத்துல நீலமா ஏதோ சுத்திக்கிட்டிருக்கு பாரு. வலைக்கயிறு," என்றாள்.

நீலக் கயிறு சுற்றிய ஒரு குத்து என்னிடம் இருந்தது. ஏப்ரல் படங்களில் பதினேழாம் எண். என் வீட்டின் முன்னால் முளைத்தது. வேரோடு பின்னிக் கிடந்த அந்தக் கயிற்றைக் கடல் கொண்டுவந்து போட்டது என்று ஒரு மனுவில் எழுதியும் இருக்கிறேன். இரண்டு படங்களையும் விளக்கின் கீழ் வைத்தேன். டிசம்பரில் நெல்டாவின் முன்புறத்தில் இருந்த குத்துகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

"எம்மெட்," என்றாள் வெரா. "இது தானா முளைச்சதில்லை."

அன்று பிற்பகல் நெல்டாவின் வீட்டுக்கு நடந்துபோனேன். அவர் தூண்களின் நடுவே மேசை போட்டு மீன் அறுத்துக்கொண்டிருந்தார்.

"வா எம்மெட். டேப் கொண்டு வந்திருக்கியா, இல்ல கைய வீசிக்கிட்டு வந்தியா?"

படங்கள் இரண்டையும் மேசையின் உலர்ந்த ஓரத்தில் வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே. அந்தக் கயித்தை அவுத்துடணும்னு எவ்வளவோ பாத்தேன். வேர்ல சிக்கிக்கிட்டு வரலை. விட்டுட்டேன்."

"நீங்கதான் நட்டீங்களா?"

"துயெட்டும் ஒரு நாள் கை குடுத்தா. ஜனவரியில நீ வரலைன்னதும் ஆரம்பிச்சோம். மணல் மட்டத்துக்குத் தலையை வெட்டிட்டு, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு வெச்சோம், அப்பத்தானே தானா வந்த மாதிரி இருக்கும்? உனக்குப் பாத்துப் பாத்து வெச்சதுல என் வீட்டுக்கு நேரமில்லாமப் போச்சு. பண்ணையில வாங்கி, பஸ்ல பசங்களை உக்கார வெக்கிற மாதிரி வரிசையா நட்டுட்டேன். அதான் மாட்டிக்கிட்டேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"வெரா அங்க நெஞ்சைத் தொறந்து வெச்சுப் படுத்திருந்தா. நீ பக்கத்துல உக்காந்திருந்தே. உன் வீட்டு முன்னால பொட்டலாக் கெடந்துச்சு, என் வீட்டு முன்னால கொஞ்சம் இருந்துச்சு. இதுல என்ன ஏன்?"

"விசாரணையில இதைச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? அஞ்சு வருஷமா அந்தப் புல்லை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குற. அது தத்துப் பிள்ளைன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"சொல்லியிருந்தா உங்க வீடு தப்பிச்சிருக்கலாம்."

"உன் வழக்கு செத்திருக்கும். எனக்கு வீடு போனா வீடுதான் போகும், எம்மெட். உனக்கு அந்த வழக்கும் போச்சுன்னா என்ன இருக்கு?"

அவர் இதை இரக்கமாகச் சொல்லவில்லை. மறுபடி மீனை அறுக்கத் தொடங்கியபடி, வண்டியில் இடமில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் பார்வையில் நான் அதுவரை தெரியாமல் தவறு செய்தவன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எஞ்சியிருந்தது.

"இந்த டிசம்பர்ப் படம் மனு எழுதறப்பவே என்கிட்ட இருந்துச்சு," என்றேன். "உங்க வீட்டு முன்னால புல் இருந்தது எனக்குத் தெரியும். வேணும்னேதான் சேக்கலை."

கத்தி நின்றது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விசாரணைக் கூடத்தில் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்ததாக நினைத்தேன் என்று சொன்னேனே, அது தவறு. வெறுப்பு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். அதுகூட முழு வெறுப்பு இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்த ஒரு பொருளின் உண்மையான அளவு தெரிந்தவரின் முகம் அது.

"போ, எம்மெட்," என்றார்.

நான் போய் ஏழு பக்கம் எழுதினேன். டிசம்பர்ப் படத்தையும் ஏப்ரல் பதினேழாம் படத்தையும் இணைத்தேன். மறைத்தது நான், மறைத்தது தெரிந்தே என்றும் எழுதினேன். இருபத்திரண்டாம் நாள் மேல்முறையீட்டில் சேர்த்தேன். நெல்டாவிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தடுத்திருப்பார்.

இந்த உண்மை அவர் வீட்டைக் காப்பாற்றும் என்று நான் நம்பியிருந்தேன். சட்டத்தைச் சொந்தமாகப் படித்தவனின் தவறு அது. மேல்முறையீட்டுக் குழு டிசம்பரில் இயற்கையான புல் இருந்ததை ஏற்றுக்கொண்டது. அதைப் பெயர்த்தவர் வீட்டுக்காரரே என்பதையும் ஏற்றுக்கொண்டது. தானாக வந்த புல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எல்லை, நெல்டாவின் முன்னால் மிஞ்சியிருப்பது நட்ட புல்; ஏன் பெயர்த்தார் என்பது கேள்வியில் இல்லை. ஒரு சலுகை மட்டும் தந்தார்கள்: இடிக்க வேண்டாம், ஆறு மாதத்துக்குள் வீட்டை அப்படியே தூக்கி வேறு மனைக்கு நகர்த்திக்கொள்ளலாம். என் வழக்கைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: மனுதாரர் ஆதாரமாகக் காட்டிய புல் நடப்பட்டது, கோப்பு மூடப்படுகிறது.

இரைக்கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையைத் துயெட் நெல்டாவுக்குக் கொடுத்தார். காயல் பக்கம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, வீடு நகர்த்தும் சான்டோஸ் தம் ஆட்களோடு வந்து, ருஃபினோவின் தூண்களை அறுத்து, வீட்டை இரும்பு உத்திரங்கள்மேல் ஏற்றி, நாற்பது சக்கர வண்டியில் வைத்தார். ஊர் தெருவின் இருபுறமும் நின்றது. மின்வாரிய ஆட்கள் கம்பிகளை இறக்கிக்கொண்டே முன்னால் போனார்கள். நெல்டா விசில் மாட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். நானும் வெராவும் கூட்டத்தின் கடைசியில் நின்றோம். என்னோடு யாரும் பேசவில்லை. யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

நீர்த்தொட்டித் திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பக்கம் நீர்த்தொட்டியின் இரும்புக்கால், மறுபக்கம் பாலக்காவலர் கொட்டகை. சான்டோஸ் இடைவெளியை அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"முப்பத்திரண்டடி இருக்கு. பெர்மிட்ல வீடு முப்பதுன்னு போட்டிருக்கு. ஆனா கண்ணுக்கு இடிக்கிற மாதிரி இருக்கே. யாருக்காச்சும் சரியான அகலம் தெரியுமா?"

எனக்குத் தெரியும். என் மனுவின் ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். நெல்டா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலை, அவருடைய வீட்டைச் சுற்றி வந்து அளந்து எழுதியது. வெரா என்னைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டடி நாலு அங்குலம்," என்றேன். "காயல் பக்கத்துல ருஃபினோ பின்னாடி சேர்த்த மழைத்தடுப்புப் பலகையும் சேத்து."

கூட்டம் முழுவதும் திரும்பியது. அந்த அளவு எனக்கு எப்படித் தெரியும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது. துயெட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெல்டாவின் விசில் ஒருமுறை ஒலித்தது. அவர் வண்டிக்கு முன்னாலிருந்து என்னிடம் வந்தார். மார்ச்சுக்குப் பிறகு அவ்வளவு அருகில் வந்தது அன்றுதான்.

"எவ்வளவு அறுக்கணும்?"

"ஆறு அங்குலம் எடுத்தா உரசாமப் போகும்."

"சான்டோஸ், ரம்பத்தை இவர்கிட்ட குடு."

"எங்க ஆள் ஏறி அறுத்துடுவான், அம்மா."

"இவர்கிட்ட குடு."

ஏணி வைத்தார்கள். ஏறினேன். பலகை முழுவதும் ருஃபினோ அடித்த ஆணிகள் ஓர் அங்குலம் பிசகாமல் இருந்தன. கீழே தெருவும், இருபுறமும் தண்ணீரும், நிமிர்ந்து பார்த்த அத்தனை முகங்களும் தெரிந்தன. பென்சிலால் கோடு இழுத்தேன். அறுக்கத் தொடங்கினேன். ரம்பம் இரண்டுமுறை கோட்டைவிட்டு விலகியது. பாதியில் நிறுத்தினேன்.

"நெல்டா," என்று கூப்பிட்டேன். ஆறு மாதமாகச் சொல்லத் தேடிக்கொண்டிருந்த சொல் அந்த உயரத்தில் எப்படியாவது வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. "கோடு சரியா இருக்கான்னு கீழேருந்து பாருங்க," என்று மட்டும் சொன்னேன்.

"நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி. "நீ அளந்தா சரியாத்தானே இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மீதியையும் அறுத்தேன். பலகை விழுந்ததும் சான்டோஸ் கையசைத்தார். நான் இறங்கி ஏணியை எடுக்கும்வரை வண்டி பொறுத்திருந்தது. பிறகு வீடு, இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு, திருப்பத்தைத் தாண்டிக் காயல் பக்கம் போனது. நெல்டா அதன் முன்னால் நடந்தார்.